கடவுளிடம் கை முடியைப் பற்றிப் பேசலாமா?

பள்ளி திறக்கும் நாள் காலை. பூஜை இடத்தில் சாமிகளின் முன்னால் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி கைகூப்பி உட்கார்ந்திருக்கிறாள். பார்ட்டிக்குத் தன்னையும் யாராவது கூப்பிட வேண்டும், கையில் இருக்கும் முடி குறைய வேண்டும், பார்ப்பவர் அசந்துபோகும்படி ஒரு பையன் காதலனாகக் கிடைக்க வேண்டும். இவைதான் அவளுடைய வேண்டுதல்கள். 2020 ஏப்ரல் 27 அன்று நெட்ஃபிளிக்ஸில் வெளியான ‘நெவர் ஹேவ் ஐ எவர்’ தொடர் இப்படித்தான் தொடங்கியது. அந்தப் பெண் தேவி விஸ்வகுமார். கலிஃபோர்னியாவின் ஷெர்மன் ஓக்ஸில் வசிக்கும் தமிழ்க் குடும்பத்தின் ஒரே மகள். அவளாக நடித்த மைத்ரேயி ராமகிருஷ்ணன் கனடாவின் மிஸிஸாகாவில் வளர்ந்த ஈழத்தமிழ்ப் பெண். சுமார் 15,000 பேர் விண்ணப்பித்த தேர்வில் கிடைத்த வாய்ப்பு அது.

பிள்ளைகளோடு சேர்ந்து இதைப் பார்த்த பெற்றோருக்கு அந்த முதல் நிமிடமே நெருடியிருக்கும். சாமியிடம் கேட்கிற விஷயமா இது? ‘நல்ல புத்தி கொடு, நன்றாகப் படிக்க வை’ என்று கேட்கத்தானே சொல்லிக்கொடுத்தோம்?

அந்த நெருடலை ஆராய்ந்து பார்க்க வேண்டும். ஹைதராபாத் பக்கத்தில் இருக்கும் சில்கூர் பாலாஜியை மக்கள் ‘விசா பாலாஜி’ என்றே அழைக்கிறார்கள். கேட்கும்போது 11 சுற்று, கிடைத்த பிறகு 108 சுற்று என்பது அங்கே வழக்கம். ஹெச்-1பி குலுக்கலுக்கும் கிரீன் கார்டுக்கும் நேர்ந்துகொண்டு அமெரிக்கா வந்த தலைமுறைதான், பார்ட்டிக்கு வேண்டிக்கொள்ளும் மகளைப் பார்த்து முகம் சுளிக்கிறது. உலகத்தைப் படைத்தவனுக்கு விசாவும் பார்ட்டி அழைப்பும் ஒரே அளவாகத்தான் தெரியும். கேட்கிறவரின் வயதுக்கு ஏற்ற உலகம், அந்த உலகத்துக்கு ஏற்ற வேண்டுதல்.

தேவிக்கு ஓர் அக்கா இருக்கிறாள், நியூஜெர்சியில். எலிசபெத் நகரில் 1938இல் பிறந்த ஜூடி ப்ளூம் 1970இல் எழுதிய நாவலின் நாயகி மார்கரெட். ‘ஆர் யூ தேர் காட்? இட்ஸ் மீ, மார்கரெட்’ என்பது நாவலின் பெயர். நியூயார்க்கிலிருந்து ஃபார்புரூக் என்ற கற்பனை ஊருக்குக் குடிவருகிறாள் அந்தச் சிறுமி. அப்பா யூதர், அம்மா கிறிஸ்தவர். மகள் வளர்ந்து தானே மதத்தைத் தேர்ந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். அவளோ யாருக்கும் தெரியாமல் இரவில் கடவுளிடம் பேசிக்கொண்டிருக்கிறாள். கேட்பதெல்லாம் மார்பு வளர வேண்டும், தோழிகளைப் போலத் தானும் வயதுக்கு வர வேண்டும் என்பதுதான். யூத ஆலயத்துக்குப் போகிறாள், தேவாலயங்களுக்கும் போகிறாள். தன் அறையில் தனியாக இருக்கும்போது உணர்ந்த கடவுளை அங்கெல்லாம் அவளால் உணர முடியவில்லை. மதத்தை வைத்துப் பெரியவர்கள் போடும் சண்டையில் வெறுத்துப்போய்க் கடவுளோடு பேச்சையே நிறுத்திவிடுகிறாள். கடைசிப் பக்கங்களில்தான் மறுபடி பேசுகிறாள், நன்றி சொல்வதற்காக.

இந்தச் சின்னப் புத்தகத்தைப் பள்ளி நூலகங்களிலிருந்து எடுக்கச் சொல்லி எத்தனையோ பேர் போராடியிருக்கிறார்கள். 1990களில் அதிக எதிர்ப்பைச் சந்தித்த 100 நூல்கள் என்று அமெரிக்க நூலகச் சங்கம் வெளியிட்ட பட்டியலில் அதுவும் உண்டு. டெக்ஸஸில் அந்தப் போராட்டம் இன்னும் ஓயவில்லை. 2021 ஜூலை முதல் 2022 ஜூன் வரை அந்த மாநிலப் பள்ளிகளில் 801 புத்தகத் தடைகளை பென் அமெரிக்கா அமைப்பு கணக்கிட்டது. அந்த ஓராண்டில் வேறு எந்த மாநிலத்திலும் அவ்வளவு இல்லை. பிள்ளை எதைப் படிக்கலாம், கடவுளிடம் எதைப் பேசலாம் என்று வேலி போடும் ஆசை எல்லா மதத்துப் பெரியவர்களுக்கும் இருக்கிறது.

தமிழ்ப் பக்தி மரபில் அந்த வேலி பலமாக இருந்ததில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண் ஆண்டாளின் நாச்சியார் திருமொழி, வேங்கடவனோடு தன்னைச் சேர்த்துவைக்கும்படி காமதேவனிடம் வேண்டுவதில்தான் தொடங்குகிறது. சுந்தரரோ இன்னும் ஒரு படி மேலே போனவர். திருமுதுகுன்றத்தில் சிவனிடம் பொன் வாங்கி, அதை ஆற்றில் போட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார். மாற்று குறைந்திருக்கிறது என்று அங்கேயும் பாடினார். நெல் கேட்டார், கிடைத்த நெல்லை மனைவி பரவையார் வீட்டுக்குக் கொண்டுபோக ஆளும் கேட்டார். பரவையார் ஊடல் கொண்டபோது சிவனையே தூது அனுப்பினார். இதையெல்லாம் சேக்கிழார் பெரியபுராணத்தில் கொஞ்சமும் கூச்சமின்றி எழுதிவைத்திருக்கிறார். சுந்தரருக்குத் தம்பிரான் தோழர் என்று பெயர். தோழனிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது?

இதற்கு மறுப்பு உண்டு, வலுவான மறுப்பு. முதிர்ந்த பக்தி எதையும் கேட்காது; எது வேண்டும் என்பதை இறைவனே அறிவான் என்ற நிலையை மாணிக்கவாசகர் பாடியிருக்கிறார். கீதையின் ஏழாம் அத்தியாயம் துன்பப்படுகிறவன், அறிய விரும்புகிறவன், பொருள் விரும்புகிறவன், ஞானி என்று பக்தர்களை நான்காகப் பிரித்து, ஞானியை உயரத்தில் வைக்கிறது. ஆனால் நால்வருமே நல்லவர்கள் என்றும் அதே இடத்தில் சொல்கிறது. மேல்படி இருக்கிறது என்பதற்காகக் கீழ்ப்படியில் நிற்கும் குழந்தையை இறங்கிப் போகச் சொல்ல முடியாது.

கேட்டது கிடைக்காதபோதுதான் உண்மையான சோதனை வருகிறது. தேவியின் கதையில் அந்தச் சோதனை தொடர் தொடங்குவதற்கு முன்பே வந்துவிட்டது. பள்ளி இசை நிகழ்ச்சியில் அவள் வாசித்துக்கொண்டிருந்தபோது அப்பா மோகன் மாரடைப்பில் விழுந்து இறந்தார். அதன் பிறகு அவள் கால்கள் சில மாதம் இயங்கவில்லை. எதிர்ப்பட்ட ஒரு கயோட்டியை, அந்த ஊர்க் காட்டு ஓநாயை, அப்பாவின் மறுபிறவி என்று அவள் நம்பும் இடம் தொடரிலேயே மிக உயர்ந்த இடம். மறுபிறவிக் கொள்கையைப் பாடமாகக் கேட்டு வளர்ந்த பிள்ளை, துக்கத்தின் நடுவில் அதைக் கையால் தொட்டுப் பார்க்கத் துடிக்கிறாள்.

அங்கிருந்து தொடர் ஆழமாகப் போயிருக்கலாம். போகவில்லை. அப்பாவை ஏன் எடுத்துக்கொண்டாய் என்று முதல் காட்சியின் அந்தச் சாமிகளிடம் தேவி முழுக் கோபத்தோடு கேட்டிருக்க வேண்டும். 2023 வரை நான்கு பருவங்கள் ஓடியும், அந்தக் கோபத்தில் பெரும்பகுதி மனநல மருத்துவரின் அறையிலேயே செலவாகிவிட்டது. சாமி வெறும் அலங்காரமாகிவிட்டது. பிள்ளையார் சதுர்த்தியைக் காட்டும் பகுதியில்கூட, தமிழ் வீட்டில் புழங்காத ‘கணேஷ் பூஜை’ என்ற பெயரில் அத்தைமார்களின் வம்பும் அடையாளக் குழப்பமும் இருக்கின்றன. பிள்ளையார் பின்னணியில் நிற்கிறார். அம்மா நளினியும் தேவியும் மாலிபு கடற்கரையில் அப்பாவின் அஸ்தியைக் கரைக்கும், முதல் பருவத்தின் கடைசிப் பகுதியில் வரும் காட்சி கண்ணைக் கலங்க வைக்கும். ஆனால் முதல் நிமிடத்தில் எழுப்பிய கேள்வி அந்தக் கடலோடு போய்விடுகிறது.

அந்தக் கேள்வியைத் தூக்கிச் சுமந்தவை நாவல்கள்தான். சென்னையில் பிறந்து அமெரிக்காவில் கடலியல் படித்த பத்மா வெங்கட்ராமனின் ‘எ டைம் டு டான்ஸ்’ (2014) புதுக்கவிதை வடிவில் எழுதப்பட்ட நாவல். பரதநாட்டியப் போட்டிகளில் வெல்லும் வேதா, விபத்தில் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே இழக்கிறாள். செயற்கைக் காலோடு மறுபடி ஆடக் கற்கும்போது, கைதட்டலுக்காக ஆடியவள் நடராஜனைத் தேடி ஆடுகிறவளாக மெல்ல மாறுகிறாள். ரஜனி லாரோக்காவின் ‘ரெட், ஒயிட் அண்ட் ஹோல்’ (2021, அடுத்த ஆண்டு நியூபெரி ஹானர் பெற்றது) இன்னும் கடினமான நாவல். ரத்தப் புற்றுநோயில் கிடக்கும் அம்மாவைக் காப்பாற்ற, யமனோடு வாதாடிய சாவித்திரியின் கதையைப் பற்றிக்கொள்கிறாள் மகள் ரேஹா. சாவித்திரி வென்றாள். ரேஹாவின் அம்மா இறந்துவிடுகிறாள். கேட்டது மறுக்கப்பட்ட பிறகும் ஒரு பிள்ளை எப்படி வாழ்கிறாள் என்பதை அந்த நாவல் கண்ணை மூடாமல் பார்க்கிறது.

சுந்தரருக்கும் அப்படி ஒரு நாள் வந்தது. பிரியமாட்டேன் என்று இரண்டாம் மனைவி சங்கிலியாருக்கு மகிழ மரத்தடியில் செய்துகொடுத்த சத்தியத்தை மீறித் திருவொற்றியூரை விட்டுக் கிளம்பியதும் இரண்டு கண்ணும் போயின. பார்வை கேட்டுப் போனவருக்குத் திருவெண்பாக்கத்தில் கிடைத்தது ஓர் ஊன்றுகோல்தான். ஆத்திரத்தில் அவர் அதை வீசியடித்ததில் நந்தியின் கொம்பு ஒடிந்தது என்கிறது அந்தத் தலத்தின் கதை. பூண்டி நீர்த்தேக்கம் கட்டியபோது இடம்மாறிய அந்தக் கோயிலில் இறைவனின் பெயர் இன்றும் ஊன்றீஸ்வரர். சுந்தரர் பாடுவதை நிறுத்தவில்லை. ஒரு கண் காஞ்சிபுரத்தில் வந்தது, இன்னொன்று திருவாரூரில்.

அமெரிக்காவில் பேர்லாந்து மீனாட்சி கோயிலிலும், லிவர்மோர் சிவா விஷ்ணு கோயிலிலும், பிரிட்ஜ்வாட்டர் பெருமாள் கோயிலிலும் பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். சுந்தரர் கதையைப் பொன்னோடும் நெல்லோடும் முடித்துவிடாதீர்கள். வீசியெறிந்த ஊன்றுகோலையும் ஒடிந்த கொம்பையும் சேர்த்துச் சொல்லுங்கள்.