நாணயம் எது?

பொன்னும் வெள்ளியுமே பணம். தாள் வெறும் தாள். ஆகவே அதற்கு ஜகாத்தும் இல்லை, அதில் வட்டி என்ற பேச்சும் இல்லை என வாதிடுவோர் உளர். ஒரு கடமையையும் ஒரு தடையையும் ஒருங்கே நழுவவிடும் இவ்வாதத்தை நாம் ஆராய்தல் வேண்டும்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காலத்து அரபு மக்களுக்கென்று தனி நாணயம் இருந்ததில்லை. ரோமரின் பொற்காசும் பாரசீகரின் வெள்ளிக்காசுமே அங்கு வழங்கின. எழுத்துக்களை மட்டும் பொறித்த இஸ்லாமியத் தீனாரைக் கலீபா அப்துல் மலிக் வெளியிட்டது ஹிஜ்ரி 77இல்தான். எவர் முத்திரை என்று பாராமல், மக்களிடையே வழங்கிய காசின்மீதே ஜகாத் விதியாயிற்று.

உமர் (ரலி) அவர்கள் ஒட்டகத் தோலில் திர்ஹம் செய்ய எண்ணினார்கள் என்றும், அவ்வாறாயின் ஒட்டகமே அற்றுப்போகும் என்று பிறர் சொல்லக் கைவிட்டார்கள் என்றும் வரலாற்றாசிரியர் பலாதுரி குறிக்கிறார். தோல் பணமாகாது என்று அங்கு எவரும் மறுக்கவில்லை என்பதை நோக்குக. மக்கள் தோலை நாணயமாக்கிக் கொண்டால், அதைப் பொன்னுக்கோ வெள்ளிக்கோ தவணையில் விற்பதைத் தாம் வெறுப்பதாக இமாம் மாலிக் (ரஹ்) அவர்களும் கருத்துரைத்துள்ளார்கள்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் பணத்தைக் கண்ணாடிக்கு ஒப்பிடுகிறார்கள். கண்ணாடிக்குத் தன் நிறம் இல்லை. எல்லா நிறத்தையும் காட்டும். தனித்துப் பொருள் தராது பிற சொற்களின் பொருளை விளக்கும் இடைச்சொல்லையும் உவமை கூறுகிறார்கள். பணத்தைப் பதுக்குவோன் அவர்கள் பார்வையில் நீதிபதியைச் சிறையிட்டவன் ஆவான்.

அங்ஙனமாயின் இன்று பொன் பணமா? பொன்னைக் கொடுத்து அரிசி வாங்குவார் இல்லை. பொன்னையே ரூபாய் கொடுத்து வாங்குகிறோம். அயல்நாட்டு அரசுகளுக்கு டாலரின் பேரில் பொன் தரும் ஏற்பாட்டை அமெரிக்கா 1971 ஆகஸ்ட் 15இல் நிறுத்தியது. வழக்கில் பொன் ஒரு சரக்காகிவிட்டது. ஆயினும் ஷரீஅத் அதன் தகுதியைப் பறிக்கவில்லை. 20 தீனார், அதாவது ஏறத்தாழ 85 கிராம், சேமித்த பொன்னுக்கு ஜகாத் உண்டு. பழைய பொன்னைப் புதுப்பொன்னுக்கு மாற்றும்போது எடைக்கு எடை, கைக்குக் கை என்ற விதியும் உண்டு. தாள் நாணயமும் முழுமையான பணமே, ஜகாத்தும் வட்டித் தடையும் அதற்குப் பொருந்தும் என்று, 1986இல் அம்மானில் கூடிய சர்வதேச ஃபிக்ஹு அகாடமி தீர்மானித்தது.

ஆனால் தாளின் மதிப்புத் தேய்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண்ணுக்கு எழுதிய மஹர் தொகை அன்று ஒரு சங்கிலிக்குப் போதுமாயிருந்தது. இன்று ஒரு மோதிரத்திற்கும் போதாது. செப்புக் காசின் மதிப்புக் குறைந்தால் கடன்பட்ட நாளின் மதிப்பைத் தரவேண்டும் என்றார்கள் இமாம் அபூ யூசுப் (ரஹ்) அவர்கள். எண்ணிக்கையையே தந்தால் போதும் என்று மேற்சொன்ன அகாடமி 1988இல் முடிவு செய்தது. தீர்ப்பில் வேறுபாடு இருக்கலாம். வசதியிருந்தும் இழுத்தடித்தவனுக்கு இரண்டிலும் புகலிடம் இல்லை. மனைவியின் உரிமையைத் தேயவிட்டுப் பின் எண்ணிக் கொடுப்பவன், கணக்கை முடித்திருப்பான், கடமையை முடித்தானா? மஹரைப் பவுன் எடையில் எழுதலாம். அதினும் மேலானது உடனே கொடுத்துவிடுவது.

தமிழில் நாணயம் என்ற சொல் காசையும் நேர்மையையும் ஒருங்கே குறிக்கும். மக்களின் நம்பிக்கையே தோலையும் தாளையும் பணமாக்குகிறது. அந்த நம்பிக்கை ஓர் அமானிதம். அதைக் காப்பவர் கையில் தாளும் பொன்னாகும். காவாதவர் பெட்டியில் பொன்னும் பாரமே.