ஐம்பதில் வளையுமா?

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்று நம் பெரியவர்கள் கேட்டு வைத்தார்கள். கேள்வியாகத்தான் கேட்டார்கள். நாம் அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டுவிட்டோம்.

மருத்துவ அறிஞர்களும் நெடுங்காலம் ஏறக்குறைய இதையே நம்பினார்கள். வளர்ந்தவனின் மூளை கட்டி முடித்த வீடு. இனிச் சுவர் உதிருமே தவிரப் புது அறை எழும்பாது என்பது அவர்கள் எண்ணம். அந்த எண்ணத்தை அசைத்தவர்களுள் லண்டன் மாநகரத்து டாக்சி ஓட்டிகளும் உண்டு. அங்கே உரிமம் பெற வேண்டுமானால், சேரிங் கிராஸைச் சுற்றி ஆறு மைலுக்குள் உள்ள ஏறக்குறைய 25,000 தெருக்களை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். மூன்று, நான்கு ஆண்டுகள் பிடிக்கிற படிப்பு! 2000-ஆம் ஆண்டில் எலினார் மக்வயர் என்ற அம்மையாரும் உடன் ஆய்ந்தவர்களும் அவர்களுடைய மூளையைப் படமெடுத்த விவரத்தை வெளியிட்டார்கள். இடங்களின் நினைவோடு தொடர்புடைய ஹிப்போகாம்பஸ் என்ற உறுப்பின் பின்பகுதி, மற்றவர்களுக்கு இருப்பதைவிடப் பெருத்திருந்தது. பிறவியிலேயே அப்படி அமைந்தவர்கள்தாம் இத்தொழிலுக்கு வருகிறார்களோ? 2011-இல் அதற்கும் விடை கிடைத்தது. பயிற்சிக்கு முன் வேற்றுமை இல்லை. தேறியவர்களிடம் மட்டும் பின்னர் வளர்ச்சி தெரிந்தது.

ஆகவே, வளையும். முயற்சி வீண் போவதில்லை.

ஆனால் இந்த நல்ல செய்திக்குள் ஒரு கொடுமையும் ஒளிந்திருக்கிறது. முயன்றவன் மூளை வளரும் என்றால், நினைவு தேய்ந்தவன் முயலாதவன் என்று ஆகிவிடாதா? உடல் நோயாளியிடம் இரக்கம் காட்டும் நாம், மறதி நோயாளியிடம் மட்டும், "கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்!" என்று எரிந்து விழுகிறோமே, அது நியாயமா?

அமெரிக்காவில் 1986-இல் டேவிட் ஸ்னோடன் என்பவர் கன்னிமாடத்துச் சகோதரிகளைப் பற்றி ஓர் ஆய்வு தொடங்கினார். அதில் சேர்ந்த 678 பேரும் தங்கள் மூளையை இறந்தபின் ஆய்வுக்குத் தர இசைந்தார்கள். கடைசிவரை தெளிந்த அறிவோடு வாழ்ந்த சிலருடைய மூளையில் அல்ஸைமர் நோயின் அடையாளங்கள் நிறைந்திருந்தன. நோய் வந்தும் அவர்கள் நினைவு இழக்கவில்லை. அத்தகைய நோய்க்கே வேறு சிலர் நினைவைப் பறிகொடுத்தார்கள். இந்த வேற்றுமை முழுவதையும் மனித முயற்சியின் கணக்கில் எழுதிவிட முடியுமா? 2024-இல் லான்செட் இதழ் அமைத்த குழு ஒன்று, மறதி நோய்க்கு வழிசெய்யும் 14 காரணங்களைத் திருத்தினால், ஏறக்குறைய 45 சதவீதம் பேருக்கு அதைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என மதிப்பிட்டது. பாதிக்கு மேற்பட்டது இன்னும் நம் கைக்குள் வரவில்லை.

அந்தப் பதினான்கில் இரண்டு என் நெஞ்சில் தைத்தன. ஒன்று, காது மந்தம். மற்றொன்று, தனிமை.

என் தந்தையார் மளிகைக் கடை வைத்திருந்தார். நாற்பது வாடிக்கைக்காரர்களின் பற்று வரவும் அவர் நாக்கு நுனியில் நிற்கும். அறுபத்தெட்டாம் வயதில், "போதும் அப்பா, ஓய்வெடுங்கள்" என்று சொல்லிப் பேரேட்டை வாங்கிக்கொண்டேன். அன்பினால்தான் செய்தேன். அவருக்குக் காது சரியாகக் கேட்காது. இரண்டு முறை சொல்ல அலுத்து, நாளடைவில் ஒரு முறையும் சொல்லாமல் விட்டோம். வீட்டில் ஏதாவது முடிவு செய்யும்போது, "அவருக்கு எதற்கு?" என்போம். அவர் திண்ணையில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். சில ஆண்டுகளில் என் பெயர் அவருக்கு மறந்தது.

நோய்க்கு நானே காரணம் என்று சொல்ல மாட்டேன். எந்த மருத்துவரும் அப்படிச் சொல்லத் துணிய மாட்டார். ஆனால் அவர் என்னை மறப்பதற்கு வெகு காலம் முன்பே நான் அவரை மறக்கத் தொடங்கியிருந்தேன். அந்த மறதிக்கு நோயைக் காரணம் காட்ட எனக்கு வழியில்லை.

அறிவைக் கூராக வைத்திருப்பது அவரவர் கடமை என்கிறார்கள். கத்தி தானாகத் தீட்டிக்கொள்ளுமா? அதற்கு எதிரே ஒரு கல் வேண்டும். முதியவருக்கு அந்தக் கல் நம்முடைய பேச்சு. நாம் கேட்கும் யோசனை. நாம் அவரிடம் விட்டு வைக்கும் பொறுப்பு. அத்தனையும் செய்த பிறகும் அவருடைய நினைவு மங்கலாம். மங்கினால் அது அவர் குற்றமும் அன்று. நம் குற்றமும் அன்று. அப்போதும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அருகில் உட்காரலாமே! நம் பெயர் அவருக்குத் தெரியாவிட்டால் என்ன? அவர் பெயர் நமக்குத் தெரியும் அல்லவா?