விருந்தாளிக்கும் ஒரு தர்மம் உண்டு

வீட்டுக்கு வருகிறவரை எப்படி உபசரிக்க வேண்டும் என்று நம்முடைய பெரியவர்கள் அலுக்காமல் சொல்லியிருக்கிறார்கள். குறளில் விருந்தோம்பலுக்கென்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. நம் பாட்டிமார்களுக்கோ அது ஏட்டைப் புரட்டாமலே தெரிந்த வித்தை. ஆனால் விருந்தாளியாகப் போகிறவர் எப்படிப் போக வேண்டும் என்பதற்கு அந்த நூற்று முப்பத்து மூன்றில் தனி அதிகாரம் கிடையாது. அந்தக் காலத்து விருந்தாளி, பசியோடும் களைப்போடும் திண்ணையில் வந்து உட்கார்ந்த வழிப்போக்கர். அவருக்குப் போய் என்ன கடமையைச் சொல்வது என்று விட்டுவிட்டார்கள் போலும்.

இப்போது விருந்தாளி மாறிவிட்டார். அவர் பசியோடு வருவதில்லை, பணத்தோடு வருகிறார். ஆறு மாதம் முன்னாலேயே விமானச் சீட்டு வாங்கி, ஓட்டலில் அறைக்குச் சொல்லிவிட்டு, ஊறுகாய்ப் பாட்டிலைத் துணிக்குள் சுற்றி வைத்துக்கொண்டு புறப்படுகிறார். நம்மைப் போன்ற மத்தியதரக் குடும்பங்களுக்கும் வெளிநாட்டுப் பிரயாணம் எட்டாக் கனியாக இல்லை. இது சந்தோஷப்பட வேண்டிய விஷயம். ஆனால் இந்தப் புதிய விருந்தாளிக்கு ஒரு தர்மம் உண்டா, இல்லையா? போகிற நாட்டின் சரித்திரத்தையும், அங்கே பழகும் முறையையும் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நம்முடைய சௌகரியத்துக்கு மட்டும்தானா, அல்லது அந்த நாட்டு மக்களுக்கு நாம் செலுத்த வேண்டிய கடனா?

கடன்தான் என்பது என் அபிப்பிராயம். நான் சரித்திரப் பேராசிரியன் அல்ல. கல்லூரியில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு வெளியே வந்தவன். கதை எழுதிப் பிழைக்கிறவன். ஆகையால் தத்துவமாகப் பேசிக்கொண்டே போகாமல் ஒரே ஒரு நாட்டை எடுத்துக்கொள்கிறேன். கம்போடியா என்ற அந்த நாட்டுக்கு நம்மவர் இப்போது நிறையப் பேர் போய் வருகிறார்கள்.

ஏன் போகிறோம்? அங்கோர்வாட் என்ற மாபெரும் கோயிலைப் பார்க்க. பன்னிரண்டாம் நூற்றாண்டின் முற்பாதியில் இரண்டாம் சூரியவர்மன் திருமாலுக்காக எழுப்பிய கோயில் அது. பிற்காலத்தில் பௌத்தர்களின் தலமாயிற்று. இன்றைக்கும் அங்கே காவியுடுத்த பிக்குகளைப் பார்க்கலாம். சுவர் முழுதும் பாற்கடல் கடைவதும், குருக்ஷேத்திரமும், இலங்கைப் போரும் கல்லில் நடக்கின்றன. கெமர் மொழியின் எழுத்துக்குப் பல்லவர் எழுத்தே தாய். அரசர்களின் பெயரெல்லாம் வர்மன், வர்மன் என்று முடிகின்றன. தமிழனுக்கு மெய்சிலிர்க்காமல் என்ன செய்யும்?

சிலிர்க்கட்டும், தவறில்லை. ஆனால் அந்தச் சிலிர்ப்பு, "இதெல்லாம் நம் ராஜாக்கள் கட்டியது" என்ற ஒரு வாக்கியமாக மாறிவிடுகிறது. அங்கே போகும் நம்மவர் கூட்டத்தில் யாராவது ஒருவராவது அதைச் சொல்லாமல் இருப்பதில்லை. நான் போயிருந்தபோதும் ஒரு பெரியவர் வழிகாட்டியின் தோளைத் தட்டியே சொன்னார். வழிகாட்டி புன்னகை செய்தான். அந்தப் புன்னகைக்குப் பின்னால் என்ன இருந்தது என்று பெரியவருக்குத் தெரிய நியாயமில்லை.

உண்மை என்ன? மதமும், சமஸ்கிருதமும், எழுத்தும் கடல் தாண்டிப் போயின. கட்டியவர்கள் கெமர் அரசர்கள். கல் சுமந்தவர்கள் கெமர் ஜனங்கள். தங்கள் தேசியக் கொடியிலேயே அந்தக் கோயிலை எழுதி வைத்திருக்கிறவர்கள் அவர்கள். சியம்ரீப் பட்டணமும் அங்கோரும் இருக்கும் பிரதேசமே நெடுங்காலம் சயாமியர் வசம் இருந்து, 1907-ல்தான் மீண்டும் கம்போடியாவோடு சேர்ந்தது. 2003-ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் என்ன நடந்தது தெரியுமா? தாய்லாந்து நடிகை ஒருத்தி, 'அங்கோர் எங்களுடையது' என்று சொல்லிவிட்டாள் என்று ஒரு வதந்தி கிளம்பியது. அவள் அப்படிச் சொல்லவே இல்லை என்று மறுத்தாள். கேட்பார் யார்? நாம்பென் நகரத்தில் ஜனங்கள் கொதித்தெழுந்து தாய்லாந்தின் தூதரகத்துக்கே தீ வைத்துவிட்டார்கள். அதே எல்லையில், ஒரு பழைய சிவன் கோயிலை ஒட்டிய தகராறு 1962-ல் சர்வதேச நீதிமன்றம் வரை போயும் அடங்காமல், 2025 ஜூலையில் மறுபடியும் பீரங்கிச் சண்டையாக வெடித்தது. இவ்வளவு ரணம் பட்ட இடத்தில் நின்றுகொண்டுதான் நாம், "எங்களுடையது" என்று உறவு கொண்டாடுகிறோம். நமக்கு அது பெருமைப் பேச்சு. கேட்கிறவனுக்கோ, அவனுடைய பாட்டன் வீட்டுப் பத்திரத்தில் இன்னொருவன் கையெழுத்துப் போடுகிற மாதிரி.

இன்னொன்று சொல்கிறேன். நமக்குப் புதியவர் ஒருவரிடம் பிரியம் வந்துவிட்டால் என்ன கேட்போம்? "சொந்த ஊர் எது? அப்பா அம்மா இருக்கிறார்களா? கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர்?" ரெயிலில் எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் இந்த மூன்றையும் கேட்காவிட்டால்தான் நம் ஊரில் மரியாதைக் குறைவு. எங்களுடன் வந்த ஓர் அம்மாள் மறுநாள் வேறொரு வழிகாட்டியிடம் இதைத்தான் கேட்டார். அவருக்கு வயது அறுபதை நெருங்கியிருக்கும். வெயிலில் எங்களுக்காக அலைகிறாரே என்ற வாஞ்சையில், தம் பையிலிருந்த முறுக்கை எடுத்துக் கொடுத்துக்கொண்டே கேட்டார்.

அந்த மனிதர் முறுக்கை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "நாங்கள் ஆறு பேர். நான் இருக்கிறேன்" என்றார். பிறகு அடுத்த மண்டபத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

1975 ஏப்ரல் 17-ஆம் தேதி கெமர் ரூஜ் படை நாம்பென் நகருக்குள் நுழைந்தது. சில நாட்களுக்குள் அந்த மாநகரத்தையே காலி செய்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவர்களைக்கூட விடாமல், வயல்களுக்கு விரட்டினார்கள். பணம் ஒழிக்கப்பட்டது. பள்ளிக்கூடம், சந்தை, கோயில் எல்லாம் மூடப்பட்டன. படித்தவன் என்ற சந்தேகம் ஒன்றே உயிரைக் கொண்டுபோகப் போதுமானதாக இருந்தது. 1979 ஜனவரி 7-ஆம் தேதி வியத்நாம் படை நுழைந்து அந்த ஆட்சியைக் கவிழ்த்தபோது, எண்பது லட்சத்துக்கும் குறைவான ஜனத்தொகையில் பதினைந்திலிருந்து இருபது லட்சம் பேர் வரை பட்டினியாலும், நோயாலும், கொலையாலும் மாண்டு போயிருந்தார்கள். ஆகவே, அந்த நாட்டில் ஐம்பது வயது கடந்த ஒருவரிடம், "அப்பா அம்மா சௌக்கியமா?" என்று கேட்பது குசலம் விசாரிப்பது ஆகாது. ஆறிய புண்ணின் மேல் விரலை வைப்பது.

அந்த அம்மாளின் மனத்தில் அன்பைத் தவிர வேறு ஒன்றும் இருக்கவில்லை என்பதை நான் அறிவேன். ராத்திரி சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். "தெரிந்திருந்தால் கேட்டிருப்பேனா?" என்று என்னிடம் இரண்டு மூன்று தடவை சொன்னார். அந்தக் கேள்வியில்தான் விஷயமே அடங்கியிருக்கிறது. நல்ல மனசு இருந்தால் போதும் என்று நாம் நினைக்கிறோம். நல்ல மனசு அவசியந்தான். ஆனால் அது கண் தெரியாமல் நடந்தால், யார் காலை மிதிக்கிறோம் என்று அதற்கே தெரிவதில்லை.

பிரயாணத்துக்குப் புறப்படுகிறவர்கள் சாதாரணமாக இரண்டு ஜாப்தா வைத்திருப்பார்கள். ஒன்று, 'நடைமுறைக் குறிப்பு': என்ன நாணயம், என்ன உடை, என்ன சாப்பாடு. மற்றொன்று, 'சரித்திரம்': அதை நேரம் இருந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்கள். என் அனுபவத்தில் இரண்டும் ஒன்றேதான். நடைமுறைக் குறிப்பு என்பது சரித்திரத்தின் கடைசி வரி.

கம்போடியாவில் கடைக்குப் போனால் அமெரிக்க டாலரை வாங்கிக்கொள்கிறார்கள். ஒரு டாலருக்குக் குறைந்த சில்லறையை ரியலாகத் தருகிறார்கள். கிழிந்த டாலரை மட்டும் தொடமாட்டார்கள். ஏன் அப்படி? பணத்தை ஒழித்தவர்கள் தேசிய வங்கியின் கட்டடத்தையே வெடி வைத்துத் தகர்த்தார்கள். 1980-ல்தான் ரியல் திரும்பி வந்தது. பிறகு 1992, 93-ல் தேர்தல் நடத்தித்தர வந்த ஐக்கிய நாடுகள் சபையாரோடு டாலர் வெள்ளமாக வந்து நிலைத்துவிட்டது. சொந்தப் பணம் ஒருநாள் வெறும் காகிதமாகிப் போனதைக் கண்ட ஜனங்கள் நோட்டை ஏன் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார்கள் என்பது இப்போது நமக்குப் புரியும். கடைக்காரியிடம் கோபித்துக்கொள்ளத் தோன்றாது.

ஒதுக்குப்புறமான கோயில்களில் தடம் விட்டு விலகிக் காட்டுக்குள் போகாதே என்பார்கள். யுத்த காலத்தில் புதைத்த கண்ணிவெடிகள் இன்னும் முழுவதும் தீரவில்லை. அங்கோர்ப் பக்கத்துக் கோயில் வழிகளில் மரத்தடியில் சிலர் உட்கார்ந்து வாத்தியம் வாசித்துக்கொண்டிருப்பார்கள். அவர்களில் பலர் வெடியில் காலையோ கையையோ இழந்தவர்கள்.

மற்றவை எளிய விஷயங்கள். நம்மைப் போலவே கைகூப்பி வணங்குகிறார்கள். பெரியவர்களுக்குக் கை சற்று மேலே போகும். ஆனால் நம் பாட்டிமார் செய்வதுபோல் குழந்தையின் தலையைத் தொட்டு ஆசீர்வாதம் செய்யக்கூடாது. தலை அவர்களுக்குப் புனிதமானது. பிக்குகளைப் பெண்கள் தொடுவதில்லை. அங்கோர்வாட்டின் உச்சி அடுக்குக்கு ஏற, தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். பௌத்த நாடு என்றால் மரக்கறிச் சாப்பாடு என்று நினைத்துப் போகிறவர் ஏமாந்துபோவார். மீன் சாறு சேராத பதார்த்தம் அபூர்வம். "ஓர்குன்" என்றால் நன்றி. இந்த ஒரு சொல்லுக்கு அங்கே கிடைக்கிற சிரிப்பை எந்த டாலராலும் வாங்க முடியாது.

இதற்கு ஆட்சேபம் சொல்கிறவர்கள் உண்டு. என் எழுத்தாள நண்பர் ஒருவரே சொல்கிறார்: "முன்னாலேயே எல்லாவற்றையும் படித்துவிட்டுப் போனால் புதுமை போய்விடும் ஐயா! குழந்தையைப் போல் வெறும் கண்ணோடு பார்க்க வேண்டும்." கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் வெறும் கண் என்று ஒன்று நமக்கு இருக்கிறதா? படிக்காமல் போகிறவரும், சினிமாவிலும் விளம்பரத்திலும் பார்த்ததைக் கண்ணில் ஏற்றிக்கொண்டேதான் போகிறார். "நம் ராஜாக்கள் கட்டியது" என்ற பெரியவர் வெறும் கண்ணோடா பார்த்தார்? தமக்கு வேண்டிய கதையை ஊரிலிருந்தே எடுத்துக்கொண்டு போயிருந்தார். புதுமை படிப்பதனால் போவதில்லை. ராமாயணம் முழுவதும் தெரிந்தவர்களே கல்லில் அதைப் பார்த்து மணிக்கணக்காக நிற்கிறார்கள். தெரியாதவர்கள் அடுத்த பஸ் எப்போது என்று கேட்கிறார்கள்.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் கனமானது. தெரிந்துகொண்டு போகிறவரும் தொந்தரவு செய்யலாமே? செய்கிறார்கள். சித்திரவதைக் கூடமாக்கப்பட்ட டூல் ஸ்லெங் பள்ளிக்கூடத்தில் நின்று சிரித்துப் படம் எடுத்துக்கொள்கிறவர்களைப் பார்த்தேன். வழிகாட்டியை மடக்கி, "உங்கள் குடும்பத்தில் எத்தனை பேர்? எப்படிக் கொன்றார்கள்?" என்று பத்திரிகை நிருபரைப் போல் துருவுகிறவர்களும் உண்டு. அவர்கள் படித்தது தகவல், மரியாதையைப் படிக்கவில்லை. அத்துடன், இன்று அந்த நாட்டில் இருப்பவர்களில் பெரும்பாலோர் 1979-க்குப் பிறகு பிறந்தவர்கள். அவர்களுக்குப் பரீட்சை இருக்கிறது, காதல் இருக்கிறது, மோட்டார் சைக்கிளுக்குத் தவணை கட்ட வேண்டியிருக்கிறது. ஒரு தேசத்தையே மயானமாகப் பார்ப்பதும் ஒருவகை அவமதிப்புத்தான்.

அப்படியானால் எதற்காகத்தான் தெரிந்துகொள்வது? எதைக் கேட்கக்கூடாது என்று அறிவதற்காக. எதைக் கேட்கலாம் என்று அறிவதற்காகவும். எங்கள் கூட்டத்தில் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் இருந்தார். புறப்படுவதற்கு முன் பதினைந்து நாள் நூலகத்தில் உட்கார்ந்து குறிப்பு எடுத்துக்கொண்டு வந்தவர். முறுக்கு வாங்கிக்கொண்ட அதே மனிதரிடம் அவர் பெற்றோரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "பிச்சும் பெண் பண்டிகைக்கு ஊருக்குப் போவீர்களா?" என்று மட்டும் கேட்டார்.

அந்தப் பண்டிகை அவர்களுக்குப் பிதிர்களின் பதினைந்து நாள். நம்முடைய மகாளய பட்சத்தை ஒட்டியே வருகிறது. விடியுமுன் விகாரத்துக்குப் போய், இறந்தவர்களுக்காகச் சோற்று உருண்டை போடுகிறார்கள். அந்த மனிதர் நின்றுவிட்டார். பிறகு தாமாகவே சொன்னார்: தம்மவர் எந்த நாளில், எந்த வயலில் இறந்தார்கள் என்று தெரியாது, அதனால் பதினைந்து நாளும் போடுகிறாராம். ஆசிரியை, எங்கள் ஊரிலும் திதி தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசை உண்டு என்று சொன்னார். அவ்வளவுதான் பேச்சு. பெரியவர் தேடிய உறவு, கல்லில் இல்லாமல் இங்கே இருந்தது.

ஆகவே, புறப்படுகிறவர்களுக்கு என் விண்ணப்பம் பெரிதல்ல. சரித்திரம் ஒரு புத்தகம், பேச்சுக்குப் பத்துச் சொல், செய்யத்தகாதவை ஐந்தாறு. பெட்டி கட்டுகிற நேரத்தில் பாதி இதற்குப் போதும். நம் வீட்டுக்கு வருகிறவர், கூடத்தில் மாலை போட்ட படம் யாருடையது என்று தெரிந்துகொண்டு வந்தால் நமக்கு எத்தனை ஆறுதலாக இருக்கிறது! தெரியாதவர் வந்தாலும் காபி கொடுத்து அனுப்பத்தான் செய்வோம். அவர்களும் நம்மைப் புன்னகையோடுதான் அனுப்புகிறார்கள். அந்தப் புன்னகை எத்தகையது என்பது நாம் எப்படிப் போகிறோம் என்பதைப் பொறுத்தது.