உதவியும் பொறுப்பும்

ஒருவர் செய்யவேண்டியதை அவருக்காகச் செய்து கொடுப்பது உதவியா, அதனை அவரே செய்யும் ஆற்றலை அளிப்பது உதவியா? 2020 மார்ச்சில் கொவிட் தொற்றினால் இலங்கைப் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டுக் கற்பித்தல் இணையவழிக்கு மாறியபோது, இப்பழைய வினா புதிய வடிவில் எழுந்தது.

2002இல் அவுஸ்திரேலியாவில் மாட்டின் டூகியாமஸ் வெளியிட்ட ‘மூடில்’ என்னும் கற்றல் முகாமைத்துவ முறைமையை எடுத்துக்கொள்வோம். விரிவுரையாளர் ஒருவர் தமது கடவுச்சொல்லை இளம் உதவியாளரிடம் கொடுத்துவிடுகிறார். வேலை விரைவில் முடியும். ஆயின் முறைமையின் பதிவேட்டில் ஒவ்வொரு செயலும் விரிவுரையாளரின் பெயரிலேயே நிற்கும். உரிய திகதிக்குப் பிந்திய ஒப்படையைத் தாமதக் குறிப்புடன் ஏற்பதும் முற்றாகத் தடுப்பதும் அங்கே இருவேறு தெரிவுகள். இணையத் தொடர்பு சீராகக் கிட்டாத கிராமத்து மாணவருக்கு அத்தெரிவு ஒரு தீர்ப்பாகும். அதை வழங்கியவர் யார்?

வேலைப்பளு மிகுந்த முதியோரிடம் இதனை எதிர்பார்ப்பது கடுமை என்பர் சிலர். கோப்புகளை ஏற்றுதல் போன்ற பணிகளைப் பிறர் செய்வதில் தவறில்லை; உதவியாளரை அவரது சொந்தப் பெயரில், வரையறுத்த உரிமைகளுடன் சேர்க்கவும் மூடிலில் வழியுண்டு. ஆனால் மாணவரின் நிலையைப் பாதிக்கும் தெரிவுகளை உதவியாளர் விளக்கவேண்டும். தீர்மானிப்பவர் விரிவுரையாளராகவே இருத்தல் வேண்டும்.

அதற்காக அவர் சிறிது நேரம் இளையவரிடம் மாணவராக அமர நேரிடலாம். கற்பித்தலையே தொழிலாகக் கொண்டவருக்கு அதில் இழுக்கு யாதுமில்லை.