வாயில் திறந்தால் போதுமா?

கல்விக்கூடத்தின் வாயில் திறந்துவிட்டால் அங்குச் சமத்துவம் நிலைபெற்றதாகக் கொள்ளலாமா? வெள்ளையர்க்கே உரியனவாய் இருந்த அமெரிக்கத் தென்மாநிலப் பல்கலைக்கழகங்களில் முதன்முதலாக அடியெடுத்து வைத்த கறுப்பின மாணவர்களின் வரலாறு இவ்வினாவை எழுப்புகிறது.

ஜார்ஜ் மெக்லாரின் ஓர் ஆசிரியர். முதுகலைப் பட்டம் பெற்றவர். கல்வியியலில் முனைவர் பட்டம் பெற விழைந்து ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தை நாடினார். இரு இனத்தவரையும் ஒருங்கே அமர்த்திக் கற்பித்தல் அம்மாநிலத்தில் அன்று தண்டனைக்குரிய குற்றம். நீதிமன்றம் தலையிட்ட பின்னரே, 1948இல், அவருக்கு இடம் கிடைத்தது. எத்தகைய இடம்? வகுப்பறையை ஒட்டிய சிற்றறை! அங்கிருந்தவாறே அவர் பேராசிரியரின் உரையைக் கேட்க வேண்டும். நூலகத்தில் தனி மேசை. உணவகத்தில் தனி மேசை, தனி நேரம். பின்னர் வகுப்பறைக்குள் இடமளித்தபோதும், இருக்கையைச் சுற்றித் தடுப்பு அமைத்து, அது கறுப்பினத்தவர்க்கென ஒதுக்கப்பட்ட இடம் என எழுதி வைத்தனர்.

அதே ஆசிரியர், அதே பாடம், அதே நூல்கள். இதில் அவருக்கு என்ன குறை எனச் சிலர் வினவலாம். கல்வியைக் குடத்தில் ஊற்றும் நீராகக் கருதுவோரே அவ்வாறு வினவுவர். ஐயம் எழுப்பியும், மாறுபட்டும், பிறர் கருத்தோடு தம் கருத்தை உரசிப் பார்த்தும் அன்றோ அறிவு ஒளி பெறுகிறது? 1950ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இவ்வுண்மையை ஒருமனதாக ஏற்றது. பிறர்க்குக் கற்பிக்கப்போகும் ஒருவரின் கல்வி குறைபட்டால், அவரிடம் பயில்வோரும் பாதிக்கப்படுவர் எனவும் சுட்டியது. ஆசிரியர் உலகம் ஊன்றி நோக்கத்தக்க கருத்து இது.

ஆயினும், அத்தீர்ப்பே ஓர் எல்லையையும் வகுத்தது. அரசு எழுப்பும் சுவர் வேறு. தனிமனிதர் தாமாக விலகி நிற்றல் வேறு. முன்னதை நீதிமன்றம் இடிக்கலாம், பின்னதை? 1956இல் ஆதரின் லூசி நீதிமன்ற ஆணையின் துணையோடு அலபாமா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். வன்முறைக் கும்பல் திரண்டது. அவருடைய பாதுகாப்பைக் காரணம் காட்டி, அவரையே வகுப்புக்கு வரலாகாதெனத் தடுத்த பல்கலைக்கழகம், பின்னர் அவரை நீக்கியும் விட்டது. அந்நீக்கம் 1988இல்தான் விலக்கிக்கொள்ளப்பட்டது. 1992இல் அவர் அங்கேயே முதுகலைப் பட்டம் பெற்றார்.

சட்டம் ஒருவரை வகுப்பறையில் அமர்த்தும். அவரை அவ்வகுப்பினருள் ஒருவராக்குவன ஆசிரியரின் பார்வையும் பக்கத்து மாணவரின் சொல்லுமே. அவை மறுக்கப்படுமாயின், வாயில் திறந்திருந்தும் அவர் வெளியிலேயே நிற்கிறார்.