கண்ணின் தீர்ப்பு



பாரீஸ் நகரத்தில் கொபலேன் என்னும் பேர்போன திரைச்சீலை நெசவுச்சாலை உண்டு. 1824-ம் ஆண்டில் அதன் சாய வேலைகளுக்கு ஷெவ்ரல் என்ற இரசாயன சாஸ்திரி தலைவராக நியமிக்கப்பட்டார். அங்கே அவர் காதுக்கு எட்டிய முறைப்பாடுகளில் ஒன்று: நீலம், ஊதா நிறங்களுக்கு நிழலாக நெய்யும் கறுப்பு நூல் மங்கித் தெரிகிறது, சாயம் சரியில்லை என்பது. அவர் சிறந்த பட்டறைகளின் கறுப்புக் கம்பளி நூலை வருவித்துத் தங்கள் நூலோடு ஒப்பிட்டார். தங்கள் நூல் எதற்கும் குறைந்ததாயில்லை. குறை சாயத்தில் அல்ல, பக்கத்து நிறத்தில் இருந்தது! இந்த ஆராய்ச்சியை 1839-ல் ஒரு பெரும் புத்தகமாக வெளியிட்டார்.

நீங்களும் வீட்டிலே சோதித்துப் பார்க்கலாம். ஒரே சாம்பல் நிறக் காகிதத்தில் இரு துண்டுகள் வெட்டி, ஒன்றைக் கறுப்புத் துணியின்மேலும் மற்றதை வெள்ளைத் துணியின்மேலும் வையுங்கள். முன்னது வெளிறியும் பின்னது கறுத்தும் தோன்றும். இரண்டும் ஒன்றே என்று அறிந்த பின்னும் கண் தன் தீர்ப்பை மாற்றாது.

அப்படியானால், பிறரைத் தப்பாக எண்ணுவது நம் குற்றமாகுமா? மனதில் தானாக எழும் முதல் எண்ணம் பாவமல்ல. அறிந்து அதற்குச் சம்மதிப்பதே பாவம் என்பது திருச்சபையின் போதனை. கண்ணுக்கு விசாரிக்கத் தெரியாது. சர்வேசுரன் நமக்குத் தந்த புத்திக்குத் தெரியும். விசாரிக்க முடிந்தும் விசாரியாமல் தீர்ப்பிடும்போதுதான் குற்றம் தொடங்குகிறது.

தேவாலயத்துக்குச் செபிக்கப்போன பரிசேயனை நினையுங்கள். ஆயக்காரன் பக்கத்தில் தன்னை வைத்துப் பார்த்தான், பிரகாசமாகத் தெரிந்தான். அந்தப் பிரகாசம் அயலானின் குறையிலிருந்து வாங்கிய கடன். ஆயக்காரனோ சர்வேசுரனுடைய சமுகத்தில் தன்னை வைத்துப் பார்த்தான். தன் உண்மையான நிறத்தைக் கண்டுகொண்டான்.

தாய் தகப்பன்மாரே, வகுப்பில் முதலாவதாக வரும் மூத்தவன் பக்கத்தில் இளையவனை நிறுத்தி, 'மந்தன்' என்கிறீர்கள். நாள்தோறும் அதைக் கேட்கும் பிள்ளை ஒருநாள் அதை நம்பிவிடுவான். அவனைத் தனியே அழைத்து உட்காரவைத்து, அவன் படிப்பையும் கைவேலையையும் அவனுக்காகவே பாருங்கள். ஷெவ்ரல் ஒரு நூலுக்குச் செய்த நியாயத்தை, சேசுநாதர் தம் இரத்தத்தால் மீட்ட ஆத்துமத்துக்கு நாம் செய்யலாகாதா?

இன்றிரவு ஆத்தும சோதனை செய்கையில், யாரை யார் பக்கத்தில் வைத்து மங்கச் செய்தோம் என்று நம்மையே கேட்டுக்கொள்வோமாக.

உங்கள் பங்குச் சுவாமியார்