ஆட்சி மேசையும் வீட்டுக் கடிதமும்

வேற்றூரில் வேர்பிடித்த நம் குடும்பங்கள் பலவற்றில் பழைய டிரங்குப் பெட்டி ஒன்று இருக்கும். அதன் அடியில் நூலால் கட்டிய கடிதக் கட்டு ஒன்றும் இருக்கும். “இவ்விடம் யாவரும் நலம், அவ்விடம் நலமறிய ஆவல்” என்று தொடங்கும் அக்கடிதங்களை இன்று பிரித்துப் படிப்போமாயின், எழுதியவை எவை, எழுதாது விட்டவை எவை என்பது நமக்கே விளங்கும். வேலை நிலையாகாத மாதங்களிலும், குழந்தை காய்ச்சலில் கிடந்த நாட்களிலும் நாம் ‘நலம்’ என்றே எழுதினோம். அது பொய்யா, அன்பா என்று நாம் அன்று ஆராய்ந்ததில்லை. கடிதம் எழுதும் வழக்கமே அருகிவிட்ட இந்நாளில் ஆராய்வதில் தவறில்லை.

எளியோராகிய நம் கடிதங்களால் வீட்டுக்கு வெளியே எவருக்கும் நன்மையோ தீமையோ விளைந்ததில்லை. நாட்டை ஆள்பவர் தம் வீட்டுக்கு எழுதும் கடிதமோ அத்தகையதன்று. பகலில் அரசாணையில் ஒப்பமிட்ட கையே இரவில் மனைவிக்கும் தாய்க்கும் எழுதுகிறது. அக்கடிதத்தில் நாம் காணும் அன்பை, அவர்தம் ஆட்சியின் அறத்துக்குச் சான்றாகக் கொள்ளலாமா? இதுவே நாம் எண்ணிப் பார்க்க விழையும் வினா.

இவ்வினாவுக்குத் தக்க எடுத்துக்காட்டாக அமைந்தவர் அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த ஹாரி ட்ரூமன். 1945 ஏப்ரல் 12 ஆம் நாள் ரூசுவெல்ட் மறையவே, துணைத் தலைவராக இருந்த ட்ரூமன் அப்பெரும் பொறுப்பை ஏற்றார். மிசூரி மாநிலத்து உழவர் குடும்பத்தில் பிறந்தவர். கல்லூரிப் பட்டம் பெறாதவர். கடிதம் எழுதுவதில் மட்டும் சளைக்காதவர். 1910 முதல் அவர் பெஸ் அம்மையாருக்கு, திருமணத்துக்கு முன்னும் பின்னுமாக எழுதிய கடிதங்களில் 1,300க்கு மேற்பட்டவை இன்றும் எஞ்சியுள்ளன. தலைவரான பின்னும் அவ்வழக்கம் குன்றவில்லை. பெஸ் அம்மையார் தலைநகர வாழ்வை அவ்வளவாக விரும்பாமல், இண்டிபெண்டன்ஸ் என்னும் தம் ஊரில் பல நாள் தங்கிவிடுவார். ட்ரூமன் வெள்ளை மாளிகையில் தனித்திருந்து எழுதுவார். தொண்ணூறு வயது கடந்த தாய்க்கும், அவரோடிருந்த தங்கைக்கும் எழுதுவார். ஐரோப்பாவில் போர் முடிந்த 1945 மே 8 ஆம் நாள் அவருடைய அறுபத்தோராம் பிறந்தநாள். அன்றும் தாய்க்குக் கடிதம் சென்றது.

அவ்வாண்டு ஜூலைத் திங்களில் ஜெர்மனியின் போட்ஸ்டாம் நகரில் ஸ்டாலினையும் சர்ச்சிலையும் சந்திக்கச் சென்றார். ஜூலை 16 ஆம் நாள் நியூ மெக்சிகோ பாலைநிலத்தில் முதல் அணுகுண்டு வெடித்துப் பார்க்கப்பட்ட செய்தி அவருக்கு அங்கேதான் எட்டியது. ஜூலை 18 இல் மனைவிக்கு எழுதிய கடிதத்தில், ஸ்டாலின் ஜப்பானுக்கு எதிரான போரில் இறங்க இசைந்துவிட்டதையும், அதனால் போர் ஓராண்டு முன்னதாகவே முடியும் என்பதையும், சாவினின்று தப்பப்போகும் இளைஞர்களை எண்ணிப் பார்க்குமாறும் குறித்தார். அதே பயணத்துக் கடிதங்களில், தேடிய வாசனைத் தைலம் கிட்டாததும், அதற்கு ஈடாக வேறொன்று வாங்கியதும் இடம்பெறுகின்றன. அணுகுண்டு என்னும் பெயர் மட்டும் இல்லை. ஜூலை 31 இல், தம் கையில் மறைசீட்டு ஒன்று உண்டு எனச் சீட்டாட்ட மொழியில் எழுதினார். அம்மறைசீட்டு அணுகுண்டே எனக் கருதுவோர் பலர். ஆறு நாட்களில் ஹிரோஷிமா எரிந்தது. அவ்வாண்டு முடிவதற்குள் அந்நகரில் மாண்டவர் ஏறத்தாழ 1,40,000 பேர் என்பர்.

இவ்விடத்தில் நம் மனம் இருவகையாகத் தடுமாறும். மனைவிக்கு வாசனைத் தைலம் தேடியவர் கொடியவராக இருக்க முடியாது என்று ஒரு மனம் சொல்லும். அக்குண்டுக்கு இசைந்தவர் காட்டிய அன்பெல்லாம் போலி என்று மற்றொரு மனம் சொல்லும். இரண்டும் பிழையே என்பது நம் கருத்து. அன்பு மெய்; ஆணையும் மெய். ஒன்றைக் கொண்டு மற்றொன்றை அழித்துவிட முடியாது.

வள்ளுவர் அன்புடைமையை இல்லறவியலில் வைத்தார். செங்கோன்மையைப் பொருட்பாலில் அரசியலில் வைத்தார். எவரிடத்தும் கண்ணோடாது முறை செய்க என்பதே செங்கோன்மையின் தொடக்கம். எனினும் அதே அரசியலில், மூன்று அதிகாரங்கள் கடந்து, கண்ணோட்டத்தைத் தனி அதிகாரமாக்கிப் போற்றினார். வீட்டன்பு ஆள்பவனுக்குப் போதும் என்று அவர் கருதவில்லை. முகம் காணும் மக்கள்பால் இரக்கமும் அவனுக்குத் தனியே வேண்டியிருக்கிறது. முகம் காணாத தொலைவில் ஆணையிடும் காலத்தில் அவ்விரக்கம் எங்ஙனம் பிறக்கும் என்பதே நம் காலத்தின் இடர்ப்பாடு.

தனிமையில் எழுதுவதால் மட்டும் ஒருவர் தம்மை ஏமாற்றிக்கொள்ளாமல் இருப்பார் என்பதற்கும் உறுதியில்லை. ஜூலை 25 இல் ட்ரூமன் தம் நாட்குறிப்பில், படைத்துறை இலக்குகளே தாக்கப்பட வேண்டும், பெண்டிரும் குழந்தைகளும் இலக்காகலாகாது எனப் போர்த்துறைச் செயலாளரிடம் தாம் கூறியதாக எழுதினார். பிறர் படிக்க வேண்டி எழுதியதன்று அது. ஆயினும் குண்டு விழுந்தது ஒரு முழு நகரத்தின்மீது. நாம் ‘நலம்’ என்று எழுதியது பெற்றோரைத் தேற்ற; அவர் அவ்வாறு எழுதியது தம்மைத் தாமே தேற்றிக்கொள்ளவோ என ஐயுறுகிறோம்.

இனி, இத்தகைய கடிதங்களை நாம் படிப்பது முறையா என்பதும் கேட்கத்தக்கதே. பெஸ் அம்மையார் தாம் கணவருக்கு எழுதிய கடிதங்களிற் பெரும்பாலானவற்றைத் தீயிலிட்டார். வரலாற்றை எண்ணிப் பார்க்கலாகாதா எனக் கணவர் தடுத்தபோது, எண்ணியே இவ்வாறு செய்கிறேன் என அவர் விடையிறுத்ததாகக் குடும்பத்தார் வழிச் செய்தி உண்டு. அது அவருக்குரிய உரிமை என்றே நாம் கொள்கிறோம். அவர் எவரையும் ஆளவில்லை. ஆண்டவர் எழுதியவை வேறு. 1982 இல் அம்மையார் மறைந்தார். அடுத்த ஆண்டே ட்ரூமன் அவருக்கு எழுதிய கடிதங்களின் தொகுப்பு நூலாக வெளிவந்தது. ‘அரசு முடிவு செய்தது’ என்று வரலாற்று நூல்கள் எழுதும்போது, முடிவு செய்தவர் முகமின்றி மறைந்துவிடுகிறார். கடிதமோ அவரை நாற்காலியில் அமர்த்தி, வெயிலைக் குறைகூறவும் மகளை நினைத்து உருகவும் செய்கிறது. முடிவு செய்தவர் நம்மைப் போன்ற மனிதரே எனக் கண்டபின், அது தானே நடந்தது என நாம் சொல்ல முடிவதில்லை. ஆதலின் வீட்டுக் கடிதம் மன்னிப்புக்குச் சான்றன்று, பொறுப்புக்குச் சான்று.

மற்றொரு கடிதத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். அது ட்ரூமன் எழுதியதன்று, அவருக்கு வந்தது. கொரியப் போரில் மாண்ட ஒரு வீரனின் பெற்றோர், மகனுக்கு அரசு அளித்த பதக்கத்தைத் திருப்பி அனுப்பி எழுதினர். எங்கள் மகன் சாவுக்கு நீரே பொறுப்பு. இதனை நீரே வைத்துக்கொள்ளும். எங்கள் மகனுக்கு நேர்ந்தது உம் மகளுக்கு நேராமற்போனதே எங்கள் வருத்தம் என்பது அதன் சாரம். மகளின் பாட்டைக் குறைகூறிய திறனாய்வாளர் ஒருவருக்கு 1950 இல் வெகுண்டு கடிதம் எழுதியவர் ட்ரூமன். மகளைச் சபித்த இக்கடிதத்தை அவர் கிழித்தெறியவில்லை. 1972 இல் அவர் மறைந்த பின், அவருடைய மேசை இழுப்பறையில் அக்கடிதமும் பதக்கமும் இருக்கக் கண்டனர்.

ஏன் வைத்திருந்தார் என்பதை அவர் எங்கும் விளக்கவில்லை. நமக்குத் தோன்றுவது இதுதான்: தம் வீட்டுக்கு ஆயிரக்கணக்கில் எழுதியவருக்கு, பிறர் வீடுகளுக்குத் தம் ஒப்பத்தால் சென்ற செய்தி இன்னதென்று அந்த ஒரு கடிதம் அறிவித்தது. ஆள்பவர் இடும் ஆணை ஒவ்வொன்றும், எங்கோ ஒரு வீட்டின் வாயிலில் அஞ்சலாகச் சென்று சேர்கிறது. தம் வீட்டுக் கடிதத்தை எழுதும் போதே, அந்த மற்ற வீட்டையும் நினைக்க வல்லவரையே நாம் அறவோர் என்போம்.

நம் பெட்டிகளில் உறங்கும் கடிதங்களை எழுதியோர் நாடாண்டவரல்லர். ஆயினும் அலுவலகத்தில், பள்ளியில், தொழிற்கூடத்தில் நம்முள்ளும் பலர் பிறர்மீது சிறிதளவு அதிகாரம் செலுத்தியே வாழ்கிறோம். இரவில் நம் மக்களிடம் காட்டும் பரிவைப் பகலில் நம் கையொப்பத்துக்குக் காத்து நிற்பவரிடமும் காட்டினோமா என ஒருமுறை கேட்டுக்கொள்வோம். அவருக்கும் ஒரு வீடு உண்டு. அங்கும் நலமறியக் காத்திருப்போர் உண்டு.